கோழி, புறா, லவ் பேர்ட்ஸ் சுணங்கி நின்றால்: அறிகுறி பார்த்து நோயறியும் முறை

“கோழி தூங்கி நிக்குது, என்ன மருந்து குடுக்கலாம்?” என்று மருந்துக்கடையில் போய்க் கேட்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. சிறகை உப்பி, கண்ணை மூடி, ஓரமாக நிற்பது ஒரு நோயின் அடையாளம் அல்ல; பத்துப் பதினைந்து நோய்களுக்குப் பொதுவான நிலை. பறவைகள் நோயை முடிந்தவரை வெளியே காட்டாது. நம் கண்ணில் படும்போது நோய் பிடித்துப் பல நாள் ஆகியிருக்கும். அதனால் பெயர் தெரியாத ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலப்பதை விட்டுவிட்டு எச்சம், கழுத்து, மூச்சு, வயது ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், கூட்டின் தரை ஈரமா என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

சுணங்கியதைத் தனியே பிரித்து வையுங்கள். அட்டைப்பெட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்தால் எச்சத்தின் நிறம் தெளிவாகத் தெரியும். உமியோ மணலோ போட்டால் தெரியாது. பெட்டியின் ஒரு முனையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு தொங்கட்டும். சூடு அதிகமானால் பறவை மறுமுனைக்கு நகர்ந்துகொள்ளும். லவ் பேர்ட்ஸ், பிஞ்ச் போன்ற சிறியவற்றுக்கு 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் தேவை. வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு சிறகை விரித்து நிற்கும் பறவைக்கு வெயில் தாக்கியிருக்கலாம். அதற்கு பல்பு கூடாது, நிழலும் தண்ணீரும்தான்.

பிறகு கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். எலும்பு கத்திமுனையாகக் குத்தினால் இது பழைய நோய், நேற்று வந்ததல்ல. சதை நிறைந்திருந்தும் பறவை சாகும் நிலையில் இருந்தால், வேகமாகத் தாக்கும் வைரஸையோ நஞ்சையோ சந்தேகியுங்கள்.

கழுத்தின் அடியில் உள்ள இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். காலையில் தீனி வைக்கும் முன் அது காலியாக இருக்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் நார், நீளப் புல், நைலான் நூல் ஏதோ அடைத்திருக்கிறது. சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுத்து, ஒரு நாளில் மூன்று நான்கு முறை மெல்லப் பிசைந்துவிட்டால் பல சமயம் இளகும். புளித்த வாடையுடன் தண்ணீர்ப் பையாகத் தளும்பினால் அது பூஞ்சைத் தொற்று. எதுவானாலும் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அந்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் அங்கேயே உயிர் போய்விடும்.

கழிச்சல்

முதலில், நோயில்லாத எச்சம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். கோழி எட்டுப் பத்து முறை எச்சமிட்டால் ஒரு முறை சாக்லேட் நிறத்தில், ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்தோடு வரும். அது குடல்வால் எச்சம், இயல்பானது. புறாவுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் குடல்வால் வளர்ச்சி கிடையாது. அவற்றிடம் அப்படி வந்தால் இயல்பல்ல. இன்னொன்று, பளிச்சென்ற பச்சைக் கழிச்சலைப் பார்த்ததும் பலர் நோயின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். பச்சை நிறம் பித்தநீர். பறவை இரண்டு நாளாகத் தின்னவில்லை என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்கிறது. மற்ற அறிகுறிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

*ரத்தம் கலந்து வந்தால், வயது 3 முதல் 6 வாரம் என்றால்:* ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். நம் ஊர் மழைக்காலக் கூடுகளில் குஞ்சுகளை அதிகம் கொல்வது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். எச்சத்தோடு வெளியேறும் நுண்முட்டை ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு முற்றிவிடும். காய்ந்த தரையில் அது நடக்காது. பினாயிலும் சாதாரண கிருமிநாசினியும் அதன் ஓட்டைத் துளைக்காது. எனவே மருந்தைக் கொடுத்துவிட்டு ஈரத் தரையை அப்படியே விட்டால், ஒரு வாரத்தில் நோய் திரும்பும்.

செய்ய வேண்டியது: 20 சதவீத ஆம்ப்ரோலியம் தூள், லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். அடுத்த ஒரு வாரம் 0.6 கிராம். அந்த நாட்களில் வேறு தண்ணீர் கிடைக்கக் கூடாது. பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்த ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுத்துத்தான். “தெம்புக்கு” என்று அதே நேரத்தில் பி காம்ப்ளெக்ஸ் ஊற்றினால் மருந்தின் வேலை கெட்டுவிடும். வைட்டமின் டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுங்கள். 2.5 சதவீத டோல்ட்ராசுரில் கிடைத்தால் லிட்டருக்கு 1 மி.லி. வீதம் 2 நாள் போதும். தரையில் ஈரமான தேங்காய் நார்த்தூளை முழுவதும் வாரி எடுத்து, 100 சதுர அடிக்கு 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் காயவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சுவதில் உமியைவிட நல்லது. ஆனால் ஒருமுறை ஊறிவிட்டால் சீக்கிரம் காயாது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி ஓர் அடிக்கு மட்டும் தினமும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

*வெள்ளையும் பச்சையுமாக, நீர்த்து, கூடவே மூச்சுத்திணறல்:* ராணிக்கெட், நம் பேச்சில் வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கூட்டத்தில் 100-க்கு 90 வரை போகலாம். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்துத் திருகும். இது வைரஸ், குணமாக்கும் மருந்து இல்லை. சீரகம், கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பதால் கெடுதல் இல்லை. பசி திரும்ப உதவலாம். அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுவதுதான் கெடுதல்.

அட்டவணை எளிது. குஞ்சு பிறந்து 5 முதல் 7 நாளுக்குள் எஃப்-1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-வது வாரம் மீண்டும் லசோட்டா. 8-வது வாரம் இறக்கையடித் தோலில் அரை மி.லி. ஊசி. ஒவ்வொரு ஆண்டும் வழக்கமாக பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் இந்த 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கான ஊசி இலவசம். வெயில் ஏறி நோய் தலைதூக்கும் முன்பாகவே போட்டுவிடத்தான் பிப்ரவரி.

“ஊசி போட்டும் செத்துப் போச்சு” என்பதற்குக் காரணங்கள் உண்டு. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காமல் பஸ்ஸில் சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கலாம். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரம் தாண்டிப் போட்டிருக்கலாம். குடிநீரில் கலந்தவர்கள் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை எடுத்திருக்கலாம். அதிலுள்ள குளோரின், உயிருள்ள தடுப்பு வைரஸைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்தால்தான் எல்லாக் கோழியும் வந்து குடிக்கும். குடற்புழு நீக்கத்தை ஊசிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

*இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சு, ஆசனவாயில் வெள்ளைக் களிம்பு ஒட்டியிருக்கிறது:* சால்மொனெல்லா வகைத் தொற்றாக இருக்கலாம். அதைவிட எளிய காரணத்தை முதலில் பாருங்கள்: குளிர். தள்ளைக்கோழி (தாய்க்கோழி) இல்லாமல் வளர்க்கும் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் சூடு போதவில்லை. ஒட்டியதைப் பிய்க்காமல் வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். இழுத்தால் குடலே வெளியே வரும்.

*3 முதல் 6 வாரக் குஞ்சு, வெண்ணீர்க் கழிச்சல், தன் ஆசனவாயைத் தானே கொத்துகிறது:* கம்போரா. இதுவும் வைரஸ். ஓ.ஆர்.எஸ். தண்ணீரும் சூடும் மட்டுமே உதவி. அடுத்த ஈட்டுக்கு 14-ஆம் நாள் தடுப்பு மருந்து.

*நிறையக் குடித்து நீராகக் கழிகிறது:* புறா என்றால் கீழே ‘கழுத்தும் காலும்’ என்ற பகுதியைப் படியுங்கள். கோழி என்றால் தீனியைச் சந்தேகியுங்கள். குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை கடற்கரை ஊர்களில் கருவாட்டுக் கழிவைத் தீனியோடு கலப்பது வழக்கம். அதிலுள்ள உப்பு அளவு மீறினால் தாகம், நீர்க்கழிச்சல், தள்ளாட்டம், கடைசியில் சாவு. கழிவை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கருவாட்டைக் கழுவி ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிய பிறகு உலர்த்திக் கொடுத்தால் பெரும்பாலான உப்பு போய்விடும்.

*வான்கோழிக்கு கந்தக மஞ்சள் எச்சம்:* கருந்தலை நோய். நாட்டுக்கோழியின் குடற்புழு முட்டை வழியாகப் பரவுவது. இரண்டையும் ஒரே முற்றத்தில் விடக் கூடாது.

கழுத்தும் காலும்

கழுத்து திருகி நிற்கிறதா, துவண்டு கிடக்கிறதா, பின்னோக்கி வானத்தைப் பார்க்கிறதா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

கழுத்து துவண்டு, தலையை நிமிர்த்த வலுவில்லாமல் தரையில் கிடந்தால் அது பாட்டுலிசம், அழுகலில் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. செத்த எலி, அழுகிய மீன், அவற்றில் நெளியும் புழு இவற்றைத் தின்ற கோழியும் வாத்தும் இப்படிக் கிடக்கும். புழு நஞ்சால் சாகாது, நஞ்சைச் சுமக்கும். ஒரே நாளில் பல விழுந்தால் தோப்பைச் சுற்றித் தேடி அழுகலை எடுத்துப் புதையுங்கள். லேசான தாக்குதலில் தண்ணீர் புகட்டிக் காத்தால் இரண்டு மூன்று நாளில் எழும்.

தலையைப் பின்னால் வளைத்து மேலே பார்த்தபடி உட்கார்ந்தால் பி1 குறைபாடு. கால்நடை மருத்துவர் போடும் தயமின் ஊசியில் சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும். அப்படித் தெரிவதே நோயைக் கண்டறிந்த மாதிரி. இரண்டு மூன்று வாரக் குஞ்சின் கால்விரல் உள்ளே சுருண்டால் பி2 குறைபாடு.

திருகல் என்றால் கோழியில் முதலில் ராணிக்கெட். புறாவில் பாராமிக்சோ வைரஸ். புறாக்காரர்கள் இதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் இன்னொரு நோயும் இதே வேடத்தில் வருகிறது. பாராமிக்சோ வந்த புறா அதிகம் தண்ணீர் குடித்து நீராகவே கழியும். தானியத்தைக் கொத்தும்போது குறி தவறி அருகில் கொத்தும். பயமுறுத்தினால் திருகல் கூடும். பாராடைபாய்டு எனப்படும் சால்மொனெல்லாவில் ஒரு சிறகு தொங்கும், முட்டி அல்லது இறக்கை மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும், ஒற்றைக் காலில் நிற்கும், எச்சம் பச்சையும் சளியுமாக வரும். இரண்டாவதற்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார். முதலாவதற்கு மருந்தில்லை. ஆனாலும் கழுத்தை முறிக்க அவசரப்படாதீர்கள். ஆழமான கிண்ணத்தில் நான்கு விரல் உயரம் தானியம் நிரப்பி வைத்தால் குறி தவறினாலும் அலகில் ஏதாவது மாட்டும். கையால் ஊறவைத்த பட்டாணியை ஊட்டலாம். பல புறாக்கள் சில வாரங்களில் தேறிவிடும். அதுவரை மற்ற புறாக்களோடு சேர்க்க வேண்டாம். எச்சத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டி விழுந்தால், வயது இரண்டு முதல் ஐந்து மாதம் என்றால், மேரெக்ஸ் என்னும் வைரஸ் நோய். குஞ்சு பொரித்த முதல் நாளே பொரிப்பகத்தில் போட வேண்டிய ஊசி அது. வளர்ந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

மூச்சு

இரவில் விளக்கணைத்துவிட்டுக் கூட்டருகே பத்து நிமிடம் நில்லுங்கள். பகலில் கேட்காத கரகரப்பு அப்போது கேட்கும். கரகரப்பும், கண்ணோரம் நுரையும், வாரக்கணக்கில் இழுத்தடிப்பதும் மைக்கோபிளாஸ்மாவால் வரும் நாட்பட்ட சளிநோய். முகம் ஒரு பக்கமாக உருண்டு வீங்கி, மூக்குச்சளி நாறினால் கொரைசா. இரண்டுமே பாக்டீரியா வகை, மருந்துக்குக் கட்டுப்படும். முன்னதற்கு டைலோசின் டார்ட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் வீதம் 3 முதல் 5 நாள் என்பது வழக்கமான அளவு. மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அட்டையில் எழுதிய விலக்கு நாட்களிலும் (மருந்து உடலைவிட்டு நீங்கும் காலம்) முட்டையை வீட்டிலும் உண்ணாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். என்ரோஃப்ளாக்சசினை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த இந்தியாவில் 2019-லேயே தடை வந்துவிட்டது. பழைய புட்டி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் பூஞ்சை நுரையீரலில் ஏறியிருக்கலாம். பூசணம் பிடித்த நார்த்தூள், வைக்கோல், ஈரமான மக்காச்சோளம் எல்லாம் மூலகாரணம். இதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். தரையை மாற்றுவது ஒன்றே வழி. அதே பூஞ்சைக் குடும்பம் கடலைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சினை உண்டாக்கும். ஆனி, ஆடிச் சாரலில் ஒரு மாதத்துக்கான தீனியை மூட்டையாக வாங்கித் தரையில் வைக்காதீர்கள். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். வாத்துக்கு இந்த நஞ்சு சிறு அளவிலேயே உயிரெடுக்கும்.

புறாவுக்கோ கிளி இனத்துக்கோ ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிந்தால் கிளிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கிளப்பாமல் தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் இருந்தால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பறவைக்கு டாக்சிசைக்ளின் சிகிச்சை 45 நாள் வரை நீளும். அந்த நாட்களில் கூண்டிலிருந்து கடல்நுரை ஓட்டையும் சிப்பித் தூளையும் எடுத்துவிட வேண்டும், கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கொண்டை, கண்ணிமை, வாய்

கொண்டையிலும் இமையிலும் மரு போன்ற பொருக்கு என்றால் அம்மை. கொசு கடித்துப் பரப்புவது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வளர்ப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. பால்வெட்டு நிறுத்திய மழை நாட்களில் மரத்தில் மாட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும். சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது கோழிக்கும் மருந்து, நமக்கும் மருந்து. பொருக்கைப் பிய்க்காதீர்கள். அதில்தான் வைரஸ் இருக்கிறது, பிய்த்த இடத்தில் சீழும் பிடிக்கும். போவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாலும் சரி. பெரும்பாலும் கண் மூடிப்போன கோழிதான் அம்மையில் சாகிறது, நோயால் அல்ல, பட்டினியால். அதற்கு வேளாவேளைக்குக் கையால் ஊட்டினால் மூன்று நான்கு வாரத்தில் பொருக்கு உதிரும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில், இறக்கைச் சவ்வில்.

வாய்க்குள் மஞ்சள் படலம் இருந்தால் கவனம். புறாவில், அதுவும் குஞ்சுப் புறாவில், தயிர்க்கட்டியாகப் படிந்து நாறினால் கேங்கர். தாய்ப்புறா தன் கழுத்துப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும்போதே தொற்றும், அதனால் குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தீராது, ஜோடிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கார்னிடசோல் கிடைத்தால் பெரிய புறாவுக்கு 10 மி.கி., குஞ்சுக்கு 5 மி.கி., ஒரே தடவை. மெட்ரோனிடசோல் என்றால் எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு. மனித மாத்திரையைக் கண்ணளவில் கிள்ளிக் கொடுப்பதில் நடுக்கமும் வலிப்பும் வந்த புறாக்கள் உண்டு. கட்டியைச் சுரண்டினால் ரத்தம் கொட்டும். அம்மையும் சில சமயம் வாய்க்குள் இதே மஞ்சளாக வரும். அப்போது முகத்திலும் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்ஜிக்கு (நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சிறுகிளிக்கு) மூக்குச் சதையும் அலகும் பொந்து பொந்தாக வெளுத்துத் தடித்தால் செதில் உண்ணி. திரவ பாரஃபினைத் தூரிகையால் தொட்டு, மூக்குத்துளையை விட்டுவிட்டு, தினமும் பூசுங்கள். ஐவர்மெக்டின் வேகமாக வேலை செய்யும். 30 கிராம் பறவைக்கு ஒரு சொட்டு கூடினாலும் உயிர் போகும் என்பதால் மருத்துவர் கையால் மட்டும். கோழியின் செதில்காலுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துவிடும். சோப்பு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று வாரம்.

தின்றும் மெலிகிறது

குடற்புழு. கோழிக்குப் பைபெரசின், ஒரு கோழிக்கு 6 வாரம் வரை 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி., மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. கோழிக்குக் கொடுக்கும் ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோலைப் புறாவுக்குக் கொடுக்காதீர்கள். புறாவின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, முளைக்கும் சிறகைக் கெடுத்து, கொன்றும் விடும்.

பட்ஜி நாள் முழுக்கக் கொறித்தும் இளைத்து, எச்சத்தில் முழுத் தினை வந்தால் வயிற்றுப் பூஞ்சை. சாதாரண ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டை தொடர்பானவை

தோல்முட்டை வந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீனியில் கலக்காமல். தேவையான கோழி தானே எடுத்துக்கொள்ளும். சின்னப் பறவை கூண்டுத் தரையில் உப்பி உட்கார்ந்து வாலை ஏற்றி இறக்கினால் முட்டை அடைத்திருக்கிறது. 32 டிகிரி சூடு, பக்கத்தில் ஆவி வர வெந்நீர்க் கிண்ணம், அலகோரம் ஒரு சொட்டு கால்சியம் திரவம். சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவர். பிதுக்கினால் முட்டை உள்ளே உடையும்.

சட்டென்று செத்தால்

ஒன்று மட்டும் என்றால் நஞ்சு, பாம்பு, வெயில் எல்லாம் சாத்தியம். பச்சை மரச்சீனி (மரவள்ளி) தோலும் இலையும் சயனைடு நஞ்சு கொண்டவை. ரப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் கழுவிய தண்ணீரைக் கோழி குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கி, கால் செதிலுக்கடியில் ரத்தத்திட்டோடு ஒன்றிரண்டு நாளில் பல செத்தால், கைவைக்காமல் உடனே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கோழிக்காலராவாகவும் இருக்கலாம், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், பரிசோதனைதான் பிரிக்கும். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் எச்5என்8 பரவி வாத்துகளை அழிக்க வேண்டிவந்தது, களியக்காவிளை வழியாக அந்தப் பக்கம் நமக்கு வெகு தூரமில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். அந்த மாதங்களில் மேய்ச்சல் வாத்தைக் குளத்தில் விட்டுவிட்டு மாலையில் கோழிக்கூட்டோடு அடைப்பது ஆபத்து.

பறவைக்காய்ச்சல் சந்தேகம் இல்லாத சாவு என்றால் உடலைத் திறந்து பார்ப்பதே சிறந்த பரிசோதனை, ஆனால் அதை வீட்டில் செய்ய வேண்டாம். செத்த சில மணி நேரத்துக்குள் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்து ஒன்றும் தெரியாது. உயிரோடு சுணங்கிய ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு இன்னும் வசதி. தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப அவரே சொல்வார். மீதியைக் கிணற்றிலிருந்து தள்ளி, மூன்றடி ஆழத்தில், அடியிலும் மேலும் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சானலிலோ ஓடையிலோ வீசினால் கீழே உள்ள வீட்டுக் கோழிக்கும் அதே நோய் போய்ச் சேரும். புதிதாகச் சந்தையில் வாங்குவதை மூன்று வாரம் வேறு கூட்டில், வேறு பாத்திரத்தில் வையுங்கள். தீனி போடும்போது பழையவற்றுக்கு முதலில், புதியவற்றுக்குக் கடைசியில்.